மனச்சிதைவு நோயாளர் குடும்பங்களின் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

சென்ற பொதுக்குழுவுக்குப் பிறகு மாதக் கூட்டம் 11 முறை நடந்தது. டிசம்பர் கூட்டத்தை மழை கொண்டுபோய்விட்டது. புதிதாக 6 குடும்பங்கள் சேர்ந்துள்ளன. மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்காக 9 பேரை முகாமுக்கு அழைத்துச் சென்றோம். சந்தா பாக்கி வழக்கம்போல் உண்டு. பெயர்களை இங்கே படிக்கப்போவதில்லை, பொருளாளர் தனியாகப் பார்த்துக்கொள்வார்.

இந்த ஆண்டு நம்மை அலைக்கழித்தது ஒரு வாட்ஸ்அப் செய்தி. மனநோய் மாத்திரை மூளையைச் சுருக்கிவிடும், குரங்குகளிடம் நிரூபித்துவிட்டார்கள் என்று ஜூலையில் நம் குழுவிலேயே வந்தது. அனுப்பியவர் நல்லெண்ணத்தில்தான் அனுப்பினார். ஒரே வாரத்தில் மூன்று வீடுகளில் மாத்திரை நின்றது. அதில் ஒரு பையன், இரண்டு ஆண்டாக ஜெராக்ஸ் கடையில் ஒழுங்காக வேலை பார்த்து வந்தவன், மின்விசிறி தன்னைப் பற்றியே பேசுகிறது என்று ஸ்டூல் போட்டு ஏறி அதைக் கழற்றப் போனான். கடைக்காரர் நமக்குத்தான் போன் செய்தார்.

ஆகஸ்ட் கூட்டத்துக்கு ஒரு மனநல மருத்துவரை அழைத்தோம். எல்லாம் பொய் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார் என்று நினைத்தேன். முடிக்கவில்லை. குரங்கு ஆய்வு உண்மைதான் என்றார். அமெரிக்காவில் மக்காக் குரங்குகளுக்கு ஹாலோபெரிடால் அல்லது ஒலான்சபின் என்ற மனநோய் மருந்தை 17 முதல் 27 மாதம் வரை கொடுத்தார்கள். 2005இல் வெளியான முடிவுப்படி மூளையின் எடை 8 முதல் 11 சதவீதம் குறைந்திருந்தது. ஆனால் குழுவுக்கு ஆறே குரங்குகள், அத்தனையும் நோயில்லாதவை. சிகிச்சை இல்லாமல் விட்ட நோய் மூளையை என்ன செய்யும் என்பதை அந்த ஆய்வு அளக்கவே இல்லை. ஆகவே பலன் தரும் குறைந்த அளவு எதுவென்று மருத்துவரோடு உட்கார்ந்து பாருங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள் என்றார்.

அப்புறம், இந்த மருந்துகள் எப்படித் தொடங்கின என்ற எலிக் கதைக்கு வந்தார். 1950 டிசம்பரில் பிரான்சின் ரோன்-பூலான்க் மருந்து நிறுவனத்தில், மனநோய் மருந்துகளில் முதலாவதான குளோர்ப்ரோமசின் உருவானது. அங்கே சிமோன் குர்வாசியே என்ற அம்மையார் அதை எலிகளிடம் சோதித்தார். மணி அடித்ததும் தரைக் கம்பியில் மின்சாரம் பாயும். எலி கயிற்றில் ஏறித் தப்பும். சில நாளில் மணி கேட்டாலே ஏறப் பழகிவிடும். மருந்து கொடுத்தபின் மணி அடித்தாலும் பேசாமல் உட்கார்ந்திருந்தது. கால்களில் தெம்பு இல்லாமல் அல்ல; மணி அதை விரட்டவில்லை, அவ்வளவுதான். 1952இல் பாரிசின் செயின்ட் ஆன் மருத்துவமனையில் டிலே, டெனிக்கர் என்ற மனநல மருத்துவர்கள் அதே மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள்.

பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்தார். “என் பையனும் இதைத்தான் சொல்றான் டாக்டர். குரல் கேக்குதும்மா, ஆனா பயந்து ஓடணும்னு தோணலைங்கிறான்.” மருத்துவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, பலருக்குக் குரலே நின்றுவிடும், சிலருக்கு உங்கள் மகன் சொல்வதுபோல்தான் என்றார்.

நோய் வருமுன்பே மாத்திரை தொடங்கலாமா என்று ஒருவர் கேட்டார். டெல் அவிவ் பல்கலைக்கழகத்தில் அதையும் எலிகளிடம் பார்த்திருக்கிறார்களாம். கருவுற்ற எலிக்கு வைரஸ் தொற்றைப் போன்ற எதிர்வினையை உண்டாக்கும் ஊசி போட்டால், குட்டிகள் முதலில் சாதாரணமாகவே இருக்கும். வளர்ந்தபின் கோளாறு தெரியும். இளம் பருவத்தில் ரிஸ்பெரிடோன் என்ற மனநோய் மருந்தைக் கொடுத்த குட்டிகளுக்கு அது வரவில்லை. கேட்டதும் கூடத்தில் ஒரு பரபரப்பு. ஆனால் எந்தக் குட்டிக்கு வரும் என்பதை அங்கே ஊசி போட்டவரே அறிவார். நம் பிள்ளைகளில் யாருக்கு என்று யார் சொல்வது? ஒதுங்கி இருக்கும் பிள்ளைக்கெல்லாம் மாத்திரை கொடுக்க முடியாது. நோய் தொடங்கியபின் தாமதிக்காமல் இருப்பதுதான் நம் கையில் இருக்கிறது. சிகிச்சையில்லாத காலம் நீள நீள, தேறுவது கடினமாகிறது.

முதல் அறிகுறிக்கும் முதல் மாத்திரைக்கும் நடுவே எவ்வளவு காலம் போனது என்று அன்று ஒவ்வொருவராகச் சொன்னோம். என் வீட்டில் நாலு வருஷம். இரண்டு கோயில், ஒரு தர்கா, ஒரு நாகதோஷப் பரிகாரம். அந்த ரசீதுகள் இன்னும் பீரோவில் கிடக்கின்றன.

ஆகவே கல்லூரி விடுதிகளில் ஒட்ட ஒரு பக்க அறிவிப்பு அச்சடித்தோம். அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலிமானஸ் உதவி எண் 14416 அதில் பெரிதாக இருக்கிறது. ஒரு விடுதியில் மட்டும், பிள்ளைகள் மிரளுவார்கள் என்று அனுமதிக்கவில்லை. மறுபடியும் கேட்போம். இனி மருந்து பற்றிய செய்தி எதுவாயினும் குழுவில் போடுமுன் செயற்குழுவிடம் காட்ட வேண்டும் என்றும் தீர்மானித்தோம்.

மூன்று வீடுகளிலும் மாத்திரை மீண்டும் தொடங்கிவிட்டது. ஜெராக்ஸ் கடைப் பையன் அக்டோபரில் வேலைக்குத் திரும்பினான். மின்விசிறிக்குக் கீழே இருந்த மேசையைக் கடைக்காரர் தாமாகவே ஜன்னலோரம் நகர்த்திப் போட்டிருக்கிறார்.

வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்