எங்கள் படகுக் கழகத்தின் கதையைச் சேர்க்கக் கைகொடுத்தவர்களுக்கு

அன்பான உறவுகளே, நண்பர்களே,

எங்கள் கழகக் கிளையின் வரலாறு கடைசியில் புத்தகமாக வந்துவிட்டது. மெல்லிய புத்தகம்தான், அதுவும் ஆங்கிலத்தில். ஆண்டுக் கூட்டத்தில் ஆங்கில நன்றியுரையும் வாசித்தாயிற்று. ஆனால் இந்தப் புத்தகம் வரக் கைகொடுத்தவர்களில் பாதிப் பேர் அன்று அந்த மண்டபத்தில் இல்லை. அவர்கள் ஸ்கார்பரோவிலும் மார்க்கத்திலும் மிசிசாகாவிலும் இருக்கிற எங்கள் ஆட்கள். உங்களுக்கு நான் தமிழில் சொல்லாவிட்டால் சொன்னதாகவே இராது.

"கனேடியன் பவர் அண்ட் செயில் ஸ்குவாட்ரன்ஸ்" என்று பெயரைச் சொன்னதும் பலருக்கும் கடற்படை ஞாபகம்தான் வந்தது. பழைய படம் கேட்டுப் போன வீட்டில் ஒரு அம்மா, "தம்பி, இது ஆமியோ?" என்று பயத்தோடு கேட்டார். இல்லை அம்மா. சொந்தமாகச் சின்னப் படகு வைத்திருக்கிறவர்கள், வைத்திருக்க ஆசைப்படுகிறவர்கள் எல்லோருக்கும் படகோட்டமும் கடல்வழி அறிதலும் சொல்லிக்கொடுக்கிற கழகம் இது. படிப்பிக்கிறவர்களுக்குச் சம்பளம் இல்லை. பகலில் ஒரு வேலை பார்த்துவிட்டு, மாலையில் பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார்கள்.

இதன் வேர் அமெரிக்காவில் இருக்கிறது. பொஸ்ரன் படகுக் கழகத்துக்காரரான ரொஜர் அப்டன் என்பவர் முன்னின்று, 1914இல் நியூயோர்க்கில் இந்த அமைப்பைத் தொடங்கினார். இயந்திரப் படகுகள் பெருகிக்கொண்டிருந்த காலம். வாங்கத் தெரிந்தவர்களுக்கு ஓட்டத் தெரியவில்லை. கனடாவுக்கு அது வந்தது 1938இல், விண்ட்சர் நகரம் வழியாக. விண்ட்சருக்கு எதிர்க்கரை டெட்ரோயிட். நடுவில் ஒரு ஆறு, அவ்வளவுதான். அக்கரையில் படித்ததை இக்கரைக்குக் கொண்டுவந்து சொல்லிக்கொடுத்தார்கள். எங்கள் கிளையும் அந்தக் கொடியில் பிற்பாடு விட்ட ஒரு கிளைதான்.

அந்த 1938 என்ற ஆண்டில் என் மனம் நின்றுவிட்டது. வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தைப் போய்ச் சேர்ந்ததும் அதே ஆண்டுதான். வில்லியம் றொபின்சன் என்ற அமெரிக்கர் அதை வாங்கி, 'புளோரன்ஸ் சி. றொபின்சன்' என்று பெயர் மாற்றினார். ஓட்டிக்கொண்டு போனவர்களில் எங்கள் வல்வைத் தமிழரும் இருந்தார்கள். விண்ட்சரில் சிலர் வகுப்பறையில் உட்கார்ந்து கடல்வழி படிக்கத் தொடங்கிய ஆண்டில், அதைப் பரம்பரையாக அறிந்த எங்கள் ஆட்கள் அத்திலாந்திக்கைத் தாண்டி வந்திருக்கிறார்கள். இதை எனக்கு எடுத்துச் சொன்னவர் மொன்றியலில் இருக்கிற ஒரு அக்கா. வீட்டில் வைத்திருந்த கப்பல் படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி, நகலெடுத்து, பஸ்ஸில் வந்த மருமகனிடம் கொடுத்துவிட்டார். அக்கா, அந்தப் படத்துக்குப் புத்தகத்தில் ஒரு முழுப் பக்கம் கொடுத்திருக்கிறோம். கழகத்தின் வரலாற்றில் இதற்கு என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் முன்னாள் கொமாண்டர், அதாவது கிளைத் தலைவர், அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, "இது முதல் பக்கத்தில் வரவேண்டும்" என்றார்.

நானும் கரையோரத்தில் பிறந்தவன்தான். அம்மம்மாவுக்குச் சோளகக் காற்று எப்போது பிறக்கும், வாடைக் காற்று எப்போது திரும்பும் என்று முற்றத்தில் நின்றபடியே சொல்லத் தெரியும். தாத்தா தண்டையலாக, அதாவது கப்பல் தலைவனாக இருந்தவர். ஆனால் எனக்குக் கடல் தெரியாது. நான் வளர்ந்த காலத்தில் கடலுக்குப் போகத் தடை. வள்ளங்கள் கரையில் கவிழ்ந்து கிடந்தே உக்கிப்போயின. தாத்தாவிடம் இருந்தது எதுவும் அப்பாவைத் தாண்டி வரவில்லை.

2009 மே மாதத்துக்குப் பிறகு எனக்கு எதிலும் மனம் ஓடவில்லை. அந்த இலையுதிர் காலத்தில், வேலையிடத்து நண்பர் ஒருவர் விடாப்பிடியாக என்னை இந்த வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போனார். இயந்திரப் படகு ஓட்டுகிற எவரும் தகுதி அட்டை வைத்திருக்க வேண்டும் என்ற சட்டம் அந்த செப்டெம்பர் 15 முதல் கனடாவில் முழுதாக நடைமுறைக்கு வந்திருந்தது. வகுப்பில் இடமே இல்லை. பின்வரிசையில் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு என்னை இருத்தியவர்தான் எங்கள் ஆசிரியர். ஓய்வுபெற்ற தபால்காரர். அவரைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல விடுங்கள்.

முதல் நாளே மேசையில் ஒரு கடல் வரைபடத்தை விரித்தார். கீலால் இணைந்த இரட்டை அடிமட்டம் ஒன்றைத் தந்தார். ஒரு மட்டத்தை அமர்த்திக்கொண்டு மற்றதை நகர்த்த வேண்டும். அப்படியே மாறி மாறி அது வரைபடத்தின் மேல் நடந்து, திசைகாட்டி வட்டத்தின் நடுவுக்குப் போகும். என் கை நடுங்கி, கோடு ஒவ்வொரு முறையும் சறுக்கியது. அவர் என் விரல்களின் மேல் தன் விரல்களை வைத்து அமர்த்தி, "அவசரம் இல்லை, ஏரி எங்கேயும் போகாது" என்றார். அப்புறம் கவராயத்தால் தூரம் அளக்கச் சொன்னார். வரைபடத்தின் பக்கவாட்டில் அளக்க வேண்டும், அகலாங்கில் ஒரு கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு) என்றால் ஒரு கடல் மைல், 1852 மீற்றர். மேலே கீழே இருக்கிற அளவில் தூரம் அளந்தால் பிழையாகிவிடும். காந்த முள் காட்டுகிற வடக்கு உண்மை வடக்கு இல்லை, ரொறன்ரோப் பக்கத்தில் ஏறத்தாழ 10 பாகை மேற்கே விலகி நிற்கும். 6 நொட் (மணிக்கு 6 கடல் மைல்) வேகத்தில் 20 நிமிடம் போனால் 2 கடல் மைல். இவ்வளவையும் இரண்டு மணித்தியாலத்தில் சொல்லிவிட்டு, எல்லோருக்கும் கோப்பி ஊற்றினார்.

வீட்டுக்கு வரும் வழியில் காரை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதேன். தாத்தா எனக்குச் சொல்லித்தந்திருக்க வேண்டியதை, பனி கொட்டுகிற நாட்டில், வேற்று மனிதர் ஒருவர் காசு வாங்காமல் சொல்லித்தருகிறார். அந்த நன்றி இன்றைக்கும் எனக்குள் அப்படியே இருக்கிறது. ஐயா, உங்களுக்குத் தமிழ் வாசிக்க வராது. உங்கள் மகளிடம் இதை மொழிபெயர்த்துக் கொடுக்கிறேன்.

சரி, வரலாற்றுக்கு வருகிறேன். பழைய கூட்டக் குறிப்புகள் ஏழு பெட்டிகளில், ஒரு வீட்டு பேஸ்மென்ட்டில் கிடந்தன. இரண்டு பெட்டிக்குள் தண்ணீர் போயிருந்தது. ஒட்டிப்போன தாள்களைப் பிரித்து, மெழுகுத் தாள் இடையில் வைத்து, ஒன்றொன்றாகக் காயவைத்தவர்கள் எங்கள் தமிழ்ப் பள்ளியின் இரண்டு ரீச்சர்மார். நான்கு வார இறுதிகள் அதற்கே போயின. ரீச்சர், உங்கள் பொறுமை இல்லாவிட்டால் இந்தப் புத்தகத்தின் முதல் இருபது பக்கம் இல்லை.

அந்தத் தாள்களுக்குள்தான் ஒரு பழைய வரவுப் பதிவு கிடைத்தது. வெள்ளையர் பெயர்களுக்கு நடுவே, எழுத்துப் பிழையோடு, ஒரு தமிழ்ப் பெயர்! நான்தான் முதல் ஆள் என்று அதுவரை நினைத்திருந்தேன். அவரைத் தேடிப் பிடித்துத் தந்தவர் மளிகைக் கடை அண்ணா. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு துண்டு ஒட்டினார், இரண்டு கிழமையில் ஆள் கிடைத்தார். இப்போது அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. மற்றப் பாடங்களை எல்லாம் மறந்திருந்தார், ஆனால் சிவப்பு மிதவைக் கதையை மறக்கவில்லை. இங்கே துறைமுகத்துக்குள் திரும்பி வரும்போது சிவப்பு மிதவை வலப்பக்கம் இருக்க வேண்டும். இலங்கையில் அது இடப்பக்கம். உலகத்தை இரண்டு வலயமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள், இரண்டு அமெரிக்காக்களும் ஒரு முறை, எங்கள் ஊர்ப்பக்கம் இன்னொரு முறை. பரீட்சையில் அவர் ஊர் முறையை எழுதிவைத்தாராம். ஆசிரியர் புள்ளியை வெட்டாமல், அவரை எழுப்பி நிறுத்தி, முழு வகுப்புக்கும் அந்த வித்தியாசத்தை விளக்கச் சொன்னாராம். இதைச் சொல்லும்போது ஐயாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

தமிழில் பாதுகாப்பு வகுப்பு நடத்த மண்டபம் தந்தவர்களுக்கும், சாப்பாடு கொண்டுவந்தவர்களுக்கும், வானொலியில் அறிவித்தவர்களுக்கும் நன்றி. அந்த வகுப்புக்கு வந்த இளம் தாய் ஒருவர், '1-10-1' என்பதைத் தமிழில் எழுதிப் படம் வரைந்து தந்தார். குளிர்ந்த நீரில் விழுந்தால் மூச்சை அடக்கிக்கொள்ள 1 நிமிடம், கைகால் சொல் கேட்பது 10 நிமிடம் வரை, உடல் குளிர்ந்து நினைவு தப்ப 1 மணித்தியாலம். மனிற்றோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் பரப்பிய கணக்கு இது. மே மாத வெயிலைப் பார்த்து ஒன்ராறியோ ஏரியும் சூடாகிவிட்டது என்று நினைக்கிற எங்கள் பிள்ளைகளுக்கு இதைவிடத் தேவையான பாடம் இல்லை. உயிர்காப்பு அங்கியைப் படகில் வைத்திருந்தால் போதாது, போட்டிருக்க வேண்டும். தங்கச்சி, உங்கள் படம் இப்போது எங்கள் வகுப்பறைக் கதவில் இருக்கிறது.

புத்தகப் பிரதிகளை இருவர் கொண்டுவந்து தருவார்கள், மேலே சொன்ன ஒவ்வொருவருக்கும் ஒன்று உண்டு. ஒரு உதவி மட்டும் இன்னும் வேண்டும். பின்னட்டைப் படத்தில், தோணித்துறையில் வரிசையாக நிற்கிறவர்களில் வலமிருந்து மூன்றாவதாக, நீலச் சேலைக்கு மேல் ஆரஞ்சு அங்கி போட்டுக்கொண்டு ஒரு பெண் நிற்கிறார். கையில் சுருட்டிய கயிறு. அவர் பெயரை எந்தப் பதிவிலும் காணவில்லை. தெரிந்தவர்கள் எனக்குச் சொல்லுங்கள், இரண்டாம் பதிப்பில் அவர் பெயரைப் போட வேண்டும்.

என்றும் உங்கள் அன்புக்குரிய,
கிளையின் வரலாற்றுக் குழுவிலிருந்து ஒருவன்