ராக்கி மலைத் தேசியப் பூங்காவுக்குக் குழுப் பயணம் ஏற்பாடு செய்வோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஒருங்கிணைப்பாளர்களுக்கு,

வணக்கம். கோடை நெருங்கும்போது அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் உள்ள ராக்கி மலைத் தேசியப் பூங்காவுக்குக் குடும்பங்களையும் நண்பர்களையும் திரட்டி அழைத்துச் செல்லும் பொறுப்பை நீங்கள் ஏற்றுக்கொள்கிறீர்கள். இடம் பிடிப்பது, வண்டிகளில் ஆள்களைப் பிரித்து ஏற்றுவது, யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது என்று விசாரித்து வைப்பது எனப் பிறர் கண்ணில் படாமலே நடந்து முடியும் வேலை அது. அதன் அருமை உடன் வருகிறவர்களுக்குத் தெரியும். ஆயினும் நீங்கள் அனுப்பும் பயணத் திட்டங்களில் ஒரு குறை திரும்பத் திரும்பத் தென்படுகிறது. எந்த ஏரிக்கு எத்தனை மணிக்கு, எந்தத் திருப்பத்தில் நின்று படம் எடுப்பது என்பதெல்லாம் துல்லியமாக எழுதப்பட்டிருக்க, அத்தனை பேரும் எந்த உயரத்தில், எந்தக் குளிரில் படுத்துறங்கப் போகிறார்கள் என்பது மட்டும் 'இரவு: கூடாரம்' என்ற ஒற்றை வரியோடு முடிந்துவிடுகிறது. தயவுசெய்து உங்கள் திட்டத்தை இரவிலிருந்து தொடங்குங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

முதல் இரவைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. நண்பகலில் டென்வரில் விமானம் இறங்கி, வழியில் சாமான் வாங்கிக்கொண்டு, அன்று மாலையே டிம்பர் கிரீக் முகாமிடத்தில் கூடாரம் அடித்துவிடுவதாகப் பல திட்டங்கள் சொல்கின்றன. டென்வர் ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் உள்ளது. பூங்காவின் கிழக்கு வாசலான எஸ்டெஸ் பார்க் ஊர் 2,290 மீட்டரிலும், மொரெய்ன் பார்க் முகாமிடம் 2,490 மீட்டரிலும், மேற்குப் பக்கத்து டிம்பர் கிரீக் 2,700 மீட்டருக்குச் சற்று மேலும் இருக்கின்றன. 2,500 மீட்டரில் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கடல் மட்டத்தில் கிடைப்பதில் முக்கால் பங்குதான். கடலோர நகரத்திலிருந்து வருபவர் ஒரே நாளில் அங்கு ஏறிப் படுத்தால் தலைவலி, குமட்டல், விட்டு விட்டு வரும் தூக்கம் என்று மலைநோய் தலைகாட்டுவதில் வியப்பில்லை. பகலில் உயரத்துக்குப் போய்விட்டுக் கீழே இறங்கி வந்து தூங்குவதை உடல் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும்; உயரத்திலேயே தூங்குவதுதான் அதற்குச் சோதனை. ஆகவே முதல் இரவை டென்வரிலும், இயன்றால் அடுத்த இரவை எஸ்டெஸ் பார்க்கிலும் கழித்துவிட்டுப் பூங்காவுக்குள் செல்வது ஒரு நாள் வீண் என்று எண்ணாதீர்கள். ஒரு நாளை மிச்சப்படுத்தப் போய், மறுநாள் பாதிப் பேர் கூடாரத்தைவிட்டு எழ முடியாமல் கிடந்தால் மிஞ்சுவது என்ன?

குழந்தைகள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். தலை வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத வயதுக் குழந்தை, காரணமின்றிச் சிணுங்கும், சாப்பாட்டைத் தள்ளிவிடும். பயணக் களைப்பு என்று பெரியவர்கள் விட்டுவிடுவார்கள். அறிகுறி கூடிக்கொண்டே போனாலும், நடை தள்ளாடினாலும், பேச்சு குழறினாலும், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலும், விடியட்டும் என்று காத்திராமல் உடனே கீழே இறங்க வேண்டும். உதவியையும் உடனே நாட வேண்டும். அப்படி இறங்க நேர்ந்தால் நள்ளிரவில் எந்த வண்டி, யார் ஓட்டுவது என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். அவர் அன்றிரவு மதுவைத் தொடாதவராக இருப்பது நல்லது. உண்மையில் புது உயரத்தில் முதல் ஓரிரு இரவுகளுக்கு எவருமே தொடாதிருப்பது நல்லது. பூங்காவின் பெரும்பகுதியில் கைப்பேசிச் சமிக்ஞையை நம்ப முடியாது என்பதால், ஏதாவது ஆனால் பார்த்துக்கொள்ளலாம் என்பது அங்கே செல்லாது.

அடுத்தது குளிர். ஜூலை மாதப் பகலில் சட்டை நனைய வியர்க்கும் அதே இடத்தில் அதிகாலை வெப்பநிலை 5 டிகிரி செல்சியஸை ஒட்டி இறங்கும். மொரெய்ன் பார்க் போன்ற புல்வெளிப் பள்ளத்தாக்குகளில் இரவில் சுற்றுச் சரிவுகளிலிருந்து குளிர்ந்த காற்று வழிந்து வந்து கீழே தேங்கும். உறக்கப்பைகளின் உள்பக்கத்தில் தைத்திருக்கும் சீட்டை எத்தனை பேர் படிக்கிறார்கள்? அதில் பொதுவாக இரண்டு வெப்பநிலைகள் இருக்கும். ஒன்று வசதியாகத் தூங்கக்கூடிய அளவு, மற்றொன்று சுருண்டு படுத்துச் சமாளிக்கக்கூடிய கடைசி எல்லை. பையின் பெயரிலும் விளம்பரத்திலும் பெரிதாக அச்சாவது பெரும்பாலும் இரண்டாவதுதான். முதல் எண்ணைப் பார்த்து வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ உங்கள் குழுவினரிடம் சொல்லுங்கள். அதைவிட முக்கியம் அடியில் விரிக்கும் மெத்தை. உடல் எடையில் நசுங்கிய உறக்கப்பையின் அடிப்பக்கம் தரையின் குளிரைத் தடுக்காது. காற்று நிரப்பும் சாதாரணக் கட்டில் மெத்தையோ, உயரமாக இருந்தாலும், உள்ளிருக்கும் காற்றையே குளிரவைத்து முதுகுக்குக் கொடுக்கும். வெப்பத்தைத் தடுக்கும் திறனை 'ஆர் மதிப்பு' என்று மெத்தையின் உறையிலேயே அச்சிட்டிருப்பார்கள். கையில் இருக்கும் பணத்துக்குக் கூடாரமா மெத்தையா என்ற நிலை வந்தால், கூடாரத்தை இரவல் வாங்கிக்கொண்டு மெத்தையை விலைக்கு வாங்கச் சொல்வேன். குளிர் தாங்காமல் அடுப்பையோ கரியையோ கூடாரத்துக்குள் கொண்டுவர எவரையும் அனுமதிக்காதீர்கள்; கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, தூங்குபவர் எழுந்திருக்க மாட்டார்.

இரவை ஒழுங்காக அமைத்துவிட்டால் பகலும் தானாக ஒழுங்குக்கு வரும். சீக்கிரம் படுத்தவர்கள்தான் சீக்கிரம் எழுவார்கள், கோடையில் இந்தப் பூங்கா கேட்பதும் அதையே. ஜூலை, ஆகஸ்ட் பிற்பகல்களில் இடியுடன் மழை அடிக்கடி வரும். பூங்காவின் மூன்றில் ஒரு பங்கு மரங்கள் வளர முடியாத உயரத்தில், ஏறத்தாழ 3,500 மீட்டருக்கு மேல், வெட்டவெளியாகக் கிடக்கிறது. அங்கு நிற்பவரே சுற்றுவட்டாரத்தில் உயரமான பொருள். 2014 ஜூலையில் டிரெயில் ரிட்ஜ் சாலையை ஒட்டி அடுத்தடுத்த இரு நாள்களில் இருவர் மின்னல் தாக்கி இறந்தனர். அது கார்கள் வரிசையாகச் செல்லும் தார்ச்சாலை, 3,713 மீட்டர் வரை ஏறுகிறது என்பதையும், அங்கே வண்டியைவிட்டு இறங்கி நடப்பவர்கள் பெரும்பாலும் மதிய உணவுக்குப் பிறகு வரும் சாதாரணச் சுற்றுலாப் பயணிகள் என்பதையும் நினைத்துப் பாருங்கள். உயரத்துக்கான நடையை விடியலில் தொடங்கி நண்பகலுக்குள் மரங்களுக்குக் கீழே இறங்கிவிடும்படி வையுங்கள்.

சமையலைப் பொறுத்தவரை, 2,500 மீட்டரில் தண்ணீர் ஏறக்குறைய 92 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் தானியமும் பருப்பும் வேகக் கூடுதல் நேரமும் எரிபொருளும் பிடிக்கும். மாலைச் சமையலைத் தாமதமாகத் தொடங்கினால் இருட்டில்தான் முடியும். ஓடைநீரைக் குடிக்க நேர்ந்தால், இந்த உயரத்தில் மூன்று நிமிடம் கொதிக்கவிட வேண்டும். சமைத்து முடித்ததும் உணவை மட்டுமல்ல, பற்பசை, சோப்பு, காலியான குளிர்பெட்டி, குழந்தையின் பால்புட்டி என மணம் உள்ள எல்லாவற்றையும் கூடாரத்திலிருந்து அகற்றி, முகாமிடத்தில் உள்ள இரும்புப் பெட்டகத்தில் பூட்டுங்கள். இங்கிருப்பவை கருங்கரடிகள், மனித உணவைச் சுவைத்துப் பழகிய கரடி திரும்பத் திரும்ப வரும், கடைசியில் பல சமயம் அதைக் கொல்ல வேண்டியதாகிவிடும். வண்டி போகாத காட்டுப் பகுதியில் தங்குவோருக்குத் தனி அனுமதிச் சீட்டு வேண்டும். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை கரடி திறக்க முடியாத கெட்டிக் கலத்தில் உணவைக் கொண்டுசெல்வதும் கட்டாயம். விறகைப் பூங்காவுக்குள் பொறுக்கக் கூடாது. தீ மூட்டத் தடை இருக்கிறதா என்று புறப்படும் வாரத்தில் பாருங்கள். 2020 அக்டோபரில் கிழக்கு டிரபிள்சம் காட்டுத்தீ, கிழக்கே ஓடும் ஆறுகளையும் மேற்கே ஓடும் ஆறுகளையும் பிரிக்கும் மலைமுகடான கண்ட நீர்ப்பிரிமேட்டையே தாண்டி இந்தப் பூங்காவுக்குள் எரிந்து வந்தது.

இனி முன்பதிவு. ஆண்டுக்கு நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் வரும் பூங்கா இது. கோடை இடங்கள் ஆறு மாதம் முன்பே பதிவுக்குத் திறக்கப்பட்டு, வார இறுதிகள் உடனே நிரம்பிவிடுகின்றன. பெரிய குழுவென்றால் கிளேசியர் பேசின் முகாமிடத்தில் குழுக்களுக்கென்றே உள்ள இடங்களை முதலில் தேடுங்கள். ஒரு குடும்பத்துக்கான இடத்தில் மூன்று குடும்பங்களை நெருக்குவது விதிமீறல், பக்கத்தில் தூங்குபவர்களுக்கும் தொல்லை. டிம்பர் கிரீக்கில் இடம் கிடைத்தால், பைன் மரங்களை வண்டுகள் அழித்ததால் அங்கே நிழல் இல்லை என்பதை அறிந்துகொண்டு போங்கள். 2020 முதல் கோடையில் நேரம் குறித்த நுழைவு அனுமதி நடைமுறையில் இருந்து வருகிறது. அதன் விதிகள் மாறுவதால், அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பூங்காவின் இணையதளத்தில் படித்த பிறகே விமானச் சீட்டு எடுப்பது நல்லது.

ஒன்றை மட்டும் சற்றுக் கடிந்தே சொல்கிறேன். வருகிறேன் என்றவர்கள் எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாமல் தேவைக்கு மேல் இடங்களைப் பதிந்துவைத்து, கடைசி வாரத்தில் ஆள் குறைந்ததும் இரத்துச் செய்யாமல் அப்படியே விட்டுவிடும் வழக்கம் நம் குழுக்களிடையே உள்ளது. கட்டிய பணம் போனால் போகட்டும் என்று நீங்கள் எண்ணலாம், ஆனால் அந்த இடத்துக்காகப் பல மாதங்களாகத் தளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் குடும்பம் ஒன்று எங்கோ இருக்கிறது. எண்ணிக்கை உறுதியாகும் நாளைப் பயணத்துக்கு மூன்று வாரம் முன்பாக வையுங்கள். மிஞ்சும் இடங்களை அன்றே விட்டுக்கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் குழுக்களில் உடன் வருபவர்களில் ஒருவர்