கடைசி எபிசோட்ல அவனை எழுப்பி நிக்க வைக்காதீங்க

தொடர்கதை எழுதுற அக்காமாருக்கும், அதை மாத நாவலா போடுற பதிப்பாளர் சார்மாருக்கும் வணக்கம்.

போன வாரம் முடிஞ்ச தொடர் எதுன்னு நான் பேர் சொல்ல வேண்டியதில்ல, உங்களுக்கே தெரியும். கபடி ஹீரோ, லாரி மோதி தண்டுவடம் அடிபடுது, ஹீரோயின் வந்து நாப்பது எபிசோடு பாத்துக்கிறா, கடைசில தாலி கட்டுற நேரம் மணவறையில வீல்சேரை விட்டு எழுந்து நிக்கிறான். ஊரே அழுதுச்சு. எங்க அத்தையும் அழுதாங்க. அழுது முடிச்சு முந்தானையில மூக்கைத் துடைச்சிக்கிட்டே என்னைப் பாத்து, "அந்தப் பிள்ள எப்படி கவனிச்சிக்கிட்டா பாத்தியாம்மா"ன்னாங்க. அவ்வளவுதான், சண்டைலாம் இல்ல. நான் தோசைக்கல்லை இறக்கி வச்சிட்டு பின்வாசல்ல போய் உக்காந்துட்டேன்.

ஏன்னா எங்க வீட்டு ஹீரோவும் கபடிதான். லெஃப்ட் கார்னர். டோர்னமென்ட் முடிஞ்சு வர்றப்போ வேன் கவுந்து முதுகெலும்புல டி12ங்கிற இடத்துல அடி, இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இல்ல. நான் அதுக்கப்புறம்தான் அவரைப் பாத்தேன். நான் வேலை பாத்த இ-சேவை மையத்துக்கு யூடிஐடி கார்டு, அதான் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, எடுக்க வந்தவர், மூணு படி ஏற முடியாம ரோட்டுல வெயில்ல வீல்சேர்ல உக்காந்துக்கிட்டு, "மேடம், படி ஏறத் தெரியாதவங்களுக்கு டோக்கன் எங்க குடுப்பீங்க"ன்னு கத்துனார். சிரிச்சிட்டேன். எங்க கதையில மொத எபிசோடே அந்தப் படிதான், ஆனா நீங்க எழுதுறதுல படியே வராது, எல்லா வீடும் ரிசார்ட் மாதிரி இருக்கும்.

கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். கடைசில அவனை எழுப்பி நிக்க வைக்காதீங்க.

அது வெறும் கற்பனைதானேன்னு சொல்வீங்க. எங்க கல்யாணத்துல நடந்ததைச் சொல்றேன். மேடைக்கு நாலு பேர் தூக்கிட்டுப் போனாங்க, சரி. போட்டோவுல வீல்சேர் வந்தா நல்லாருக்காதுன்னு பெரியவங்க சேர்ந்து அதை மேடைக்குப் பின்னால தள்ளிட்டு, அவரை மண்டபத்து ராஜா நாற்காலியில உக்கார வச்சிட்டாங்க. மேல வெல்வெட்டு, உள்ள வெறும் பலகை. குஷன் வீல்சேரோட பின்னால போயிடுச்சு. உணர்ச்சி இல்லாத ஆளு ஒரே இடத்துல உக்காந்திருந்தா உக்கார்ற எலும்புக்கடியில ரத்தம் ஓடாது, வலிக்கவும் வலிக்காது, அதனால இருபது நிமிஷத்துக்கு ஒருக்க ரெண்டு கையையும் ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்கணும். அவரும் மாலையோட கையூன்றித் தூக்குனார். கீழ முதல் வரிசையில யாரோ, "ஏ, மாப்பிள்ள எந்திரிக்காரு பாரு"ன்னு சத்தம் போட்டாங்க. கைதட்டுனாங்க. அவர் அதுக்கப்புறம் தூக்கவே இல்ல. மூணு மணி நேரம். எனக்கு அப்போ அதெல்லாம் தெரியாது, பக்கத்துல நின்னு சிரிச்சிக்கிட்டு மொய்க்கவர் வாங்கிட்டிருந்தேன்.

மறுநாள் ஒரு ரூபாய் காசு அளவுக்கு சிவப்பு. அந்த வாரக் கடைசில தோல் கழண்டு குழி. மூணு மாசம் குப்புறப் படுத்தே கிடந்தார், நான் தரையில உக்காந்து அவர் முகத்துக்கு நேரா தட்டை வச்சு ஊட்டி விட்டேன், இதான் எங்க ஹனிமூன். கைதட்டுனவங்க கெட்டவங்க இல்ல. அவங்களுக்கு வீல்சேர்ல இருக்கிறவன் கதைன்னா எழுந்து நிக்கிறதுதான் முடிவுன்னு தெரியும், அந்த முடிவைத்தான் அவங்க காத்துக்கிட்டு இருந்தாங்க. அதை எங்க படிச்சாங்கன்னு நான் சொல்லணுமா?

எழுந்தாதான் ஜெயிச்ச மாதிரின்னா, சேலம் மாரியப்பன் தங்கவேலுவை எதுல சேப்பீங்க? அஞ்சு வயசுல பஸ் ஏறி நசுங்குன கால். 2016 ரியோ பாராலிம்பிக்ஸ்ல, உயரம் தாண்டுதல்ல 1.89 மீட்டர் தாண்டி தங்கம், அடுத்து டோக்கியோவில வெள்ளி, பாரிஸ்ல வெண்கலம், மூணும் அதே காலோட. முரளிகாந்த் பேட்கர் ராணுவத்துல பாக்ஸர், 1965 போர்ல குண்டடி பட்டு பாக்ஸிங் போச்சு, 1972 பாராலிம்பிக்ஸ்ல நீச்சல்ல தங்கம் வாங்குனார். எங்க பக்கத்து ஆய்க்குடியில ராமகிருஷ்ணன் ஐயா, 1975ல கடற்படை ஆபீசர் செலெக்‌ஷன்ல விழுந்து கழுத்துக்குக் கீழ செயல் போனவர், 1981ல மாற்றுத்திறனாளிகளுக்காக அமர் சேவா சங்கம் ஆரம்பிச்சார். இவங்க யாருக்கும் கடைசி அத்தியாயத்துல உடம்பு பழையபடி ஆகல. இவங்ககிட்ட கதை இல்லையா?

மெடல் வாங்குனா மட்டும் ஊரெல்லாம் ஃப்ளெக்ஸ் வைப்போம், ஆனா இவர் வீல்சேர் பாஸ்கெட்பால் ஆடப் போற கிரவுண்டுல பாத்ரூம் கதவு 24 இஞ்ச், வீல்சேர் 25 இஞ்ச். அந்த ஒரு இஞ்ச்சுக்காக இவர் மேட்ச் அன்னைக்குக் காலையிலேர்ந்து தண்ணி குடிக்க மாட்டார். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016லயே வந்துடுச்சு, கதவுக்கு இன்னும் யாரும் சொல்லல போல. சரி, அது உங்க தப்பு இல்ல, எங்கயோ போயிட்டேன், மன்னிக்கணும்.

ரொமான்ஸ் எழுதுறவங்க நீங்க, அதனால சொல்றேன், எங்க வீட்டுல அதுக்குக் குறைச்சல் இல்ல. கட்டில்லேர்ந்து சேருக்கு மாறுறப்போ என் மணிக்கட்டைப் பிடிப்பார் பாருங்க, ரைடரோட கணுக்காலைப் பிடிச்ச அதே கார்னர் பிடி, விடவே விடாது. சினிமாவுக்குப் போனா இன்டர்வெல்ல அவருக்கு யூரின் எடுக்க ட்யூப் போட இடம் தேடி ரெண்டு பேரும் அலைவோம், அலைஞ்சிக்கிட்டே சிரிப்போம். சண்டையும் வரும், கோவம் வந்தா சேரைத் திருப்பிக்கிட்டு ஒரே தள்ளுல தெருமுனைக்குப் போயிடுவார், எனக்குத்தான் மூச்சு வாங்கும். இதெல்லாம் எழுதுனா படிக்க மாட்டாங்களா? என்னைத் தியாகின்னு மட்டும் எழுதிடாதீங்க. வீட்டு வேலையில பாதி அவர்தான் பாக்கிறார், தியாகின்னா அவரையும் சேத்துக்கோங்க.

அதனால திரும்பவும் தாழ்மையோட கேட்டுக்கிறேன். அவன் காதலிக்கட்டும், சண்டை போடட்டும், தாலி கட்டட்டும், புள்ள பெத்துக்கட்டும், எல்லாம் உக்காந்தபடியே. எழுப்பி மட்டும் விடாதீங்க.

அடுத்த தொடர் ஃபுட்பால் ப்ளேயர்னு அட்டைப்படம் போட்டிருக்கீங்க, அதுலயும் வீல்சேர் இருக்கு. புதன்கிழமை மொத எபிசோடாம். அத்தை இப்பவே போன்ல பெல் அழுத்தி வச்சிருக்காங்க.

இப்படிக்கு,
தென்காசிப் பக்கத்துலேர்ந்து ஒரு வாசகி