டம்ப் எங்கே போய் விழுகிறது

கிருஷ்ணகிரி

அன்புள்ள மாதேஷ்,

அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று எழுதியிருந்தாய், மனசுக்கு நிம்மதி. இங்கே மாங்காய் சீசன் தொடங்கிவிட்டது. பெங்களூரா ஏற்றிய வண்டிகள் கூழ் ஆலைகளுக்குப் போய்க்கொண்டே இருக்கின்றன.

ஐபிஎம் மெயின்ஃபிரேமில் உன் ஜாவா ஜாப் விழுந்தும், அந்த நேரத்து நிலவரத்தைப் பதிவு செய்யும் டம்ப் முழுசாக வராத கதைக்கு வருகிறேன். ஜாவாகோரும் (ஜாவா நிலவரத்தைச் சொல்லும் டெக்ஸ்ட் அறிக்கை) ஹீப் டம்பும் (ஜாவா ஆப்ஜெக்ட்களின் பதிவு) மெயின்ஃபிரேமின் யூனிக்ஸ் பகுதியான யூஎஸ்எஸ் டைரக்டரியில் ஃபைலாக விழும். ஜாப்பின் மெமரியையே பிடிக்கும் சிஸ்டம் டம்பை மட்டும் ஐஇஏடிடம்ப் என்ற சிஸ்டம் சர்வீஸ், மெயின்ஃபிரேமின் சொந்த ஃபைல் வகையான எம்விஎஸ் டேட்டாசெட்டாக எழுதும். நாம் பெயர் சொல்லாவிட்டால், ஜாப் ஓடுகிற யூசர் ஐடிதான் முதல் குவாலிஃபயர், அதாவது புள்ளி வைத்துப் பிரித்த பெயரின் முதல் துண்டு. பல நிறுவனங்களில் அந்தப் பெயரை வைத்துத்தான், ஸ்டோரேஜை நிர்வகிக்கும் எஸ்எம்எஸ் எந்தப் பூலில் (டிஸ்க் தொகுதியில்) இடம் கொடுப்பது என்று முடிவு செய்கிறது. யூசர்களுக்கு ஒதுக்கிய சின்னப் பூலில் பல ஜிபி ஹீப் எப்படியடா அடங்கும்?

அதனால் டம்புக்கென்றே ஒரு எச்எல்க்யூ (அந்த முதல் குவாலிஃபயர்தான்) கேட்டு வாங்கு, பெரிய பூலோடு. ஜாவாவின் எக்ஸ்டம்ப் ஆப்ஷனில் சிஸ்டம், டீஃபால்ட்ஸ், லேபிள் என்று கொடுத்து அந்தப் பெயரை எழுது. ஜாப் ஓடும் ஐடிக்கு, செக்யூரிட்டி மென்பொருளான ராக்எஃப்பில் அந்தப் பெயர்மேல் ஆல்டர் அனுமதியும் வேண்டும். அது இல்லாமல் டேட்டாசெட்டே உருவாகாது.

பெயரின் நீளத்தில்தான் பலரும் மாட்டுகிறார்கள். 64 பிட் ஜேவிஎம்மில் (ஜாவா புரோகிராமை ஓட்டும் மென்பொருள்) டம்ப் பெரிதானால் பல டேட்டாசெட்டாகப் பிரியும்; அதற்காகப் பெயரின் கடைசியில் எக்ஸ் ஆம்பர்சண்ட் டிஎஸ் (X&DS) இருக்க வேண்டும், அது எக்ஸ்001, எக்ஸ்002 என்று ஆகும். நீ எழுதாவிட்டால் ஜேவிஎம்மே ஒட்டிவிடும். எழுத்துகளை எண்ணிப் பார்: எச்எல்க்யூ 8, ஜேவிஎம் 3, ஜாப் பெயர் 8, தேதி 7, நேரம் 7, எக்ஸ்001 4, நடுவில் 5 புள்ளி. மொத்தம் 42. உச்சவரம்பு 44. நடுவில் டிடம்ப் (TDUMP) என்று ஒரு குவாலிஃபயர் சேர்த்தால் 5 எழுத்தும் ஒரு புள்ளியும் கூடி 48, டம்ப் கிடைக்காது. ஷெல்லில் கொடுத்தால் முழு ஆப்ஷனையும் ஒற்றை மேற்கோளுக்குள் வை. இல்லையென்றால் ஆம்பர்சண்டை ஷெல் தன் வேலைக்கு எடுத்துக்கொள்ளும்.

இடத்தைவிட எனக்குப் பெரிய கவலை வேறு. அந்த டம்புக்குள் ஜாப்பின் மெமரி அப்படியே இருக்கிறது: கஸ்டமர் பெயர், கணக்கு எண், சில சமயம் பாஸ்வேர்டுகூட. ஊர் உலகமெல்லாம் படிக்கிற எச்எல்க்யூவில் அது கிடக்கவே கூடாது. ரீட் அனுமதி உங்கள் டீமில் தேவைப்படுகிற ஓரிருவருக்கு மட்டும் என்று செக்யூரிட்டி அட்மினிடம் கறாராகச் சொல். வேலை முடிந்ததும் அழிக்க ஒரு ஏற்பாடும் வேண்டும்.

அடுத்த விபத்து வரும்வரை காத்திருக்காதே. டெஸ்ட் எல்பாரில் (மெயின்ஃபிரேமில் சோதனைக்கான தனிப் பகுதி) ஒரு குட்டி புரோகிராமுக்கு ஈவென்ட்டாக விஎம்ஸ்டாப் கொடுத்து ஓட்டு. முடியும்போது டம்ப் எடுக்கும். ஜேவிஎம்டம்ப்010ஐ (JVMDUMP010I) மெசேஜில் எந்தப் பெயர் வருகிறது என்று பார்த்து எழுது. எழுத முடியாமல் போயிருந்தால் ஐஇஏடிடம்ப் ரிட்டர்ன் கோடையும் ரீசன் கோடையும் சேர்த்து அனுப்பு, உட்கார்ந்து பார்க்கிறேன்.

அன்புடன்,
முனிராஜ்