பழைய கடனை மாற்றிக்கொள்ள ஒரு கடன் தாருங்கள்: கூட்டுறவுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் கூட்டுறவுத் துறை உயர் அலுவலர்களுக்கு வணக்கம்.

பல ஆண்டுகளாக ஒரு மகளிர் சுயஉதவிக் குழுவின் கணக்கை எழுதிவருபவள் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். கடனில் சிக்கியவர்களுக்கு 'செலவைக் குறையுங்கள்' என்ற அறிவுரை தாராளமாகக் கிடைக்கிறது. கூலி வேலைக்குப் போகும் வீட்டில் குறைப்பதற்குச் செலவு எங்கே இருக்கிறது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

சென்ற ஆண்டு எங்கள் குழு உறுப்பினர் ஒருவர், அரிசி டப்பாவுக்குள் மறைத்து வைத்திருந்த தவணை அட்டைகளை என் முன் பரப்பினார். நுண்கடன் நிறுவனங்கள் இரண்டு, நாள்தோறும் வசூலிக்கும் தண்டல் ஒன்று, நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய் வட்டிக்குக் கைமாற்று ஒன்று, அடகுக்கடையில் இரண்டு சவரன் சங்கிலி. எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிய பிறகுதான், வாசலில் நின்று சத்தம் போடுபவருக்கு முதலில் கொடுத்துவிட்டு, வட்டி அதிகமுள்ள கடனை அவர் கடைசிக்குத் தள்ளிவந்தது தெரிந்தது. ஐந்து வட்டிக்கு வாங்கிய 20,000 ரூபாய்க்கு 14 மாதங்களில் 14,000 ரூபாய் வட்டியாகவே போயிருந்தது. அசல் அப்படியே நின்றது. தண்டலில் 8,500 ரூபாயைக் கையில் வாங்கி, நாளுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்டுகிறார்கள். நாளுக்கு நாள் அசல் குறைவதையும் சேர்த்துக் கணக்கிட்டால், இது ஆண்டுக்கு நூறு சதவீதத்துக்கும் மேற்பட்ட வட்டி.

தண்டல் பாக்கி 6,000 ரூபாயையும் சேர்த்து 26,000 ரூபாயை ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் யாராவது கொடுத்திருந்தால், மாதம் ஏறக்குறைய 1,225 ரூபாய் வீதம் இரண்டே ஆண்டுகளில் முடிந்திருக்கும். அவரோ தண்டலைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்து அதற்கு மாதம் 3,000 ரூபாயும், கைமாற்றின் வட்டிக்கு 1,000 ரூபாயும் கட்டிக்கொண்டிருந்தார். அருகிலுள்ள கூட்டுறவுக் கடன் சங்கத்துக்குச் சென்றோம். நகை இருந்தால் உடனே கடன் தருவதாகவும், இல்லையெனில் அரசு ஊழியர் ஒருவரின் ஜாமீன் வேண்டும் என்றும் சொன்னார்கள். நகைதான் ஏற்கெனவே அடகுக்கடையில் இருக்கிறதே! கடைசியில் அந்தச் சங்கிலியை மீட்டு, விற்று, இரண்டு கடன்களையும் அடைத்தோம். அம்மா போட்ட சங்கிலி என்பதால் அந்த முடிவுக்கு வர அவருக்கு ஐந்து மாதம் ஆயிற்று. அந்த ஐந்து மாதத்துக்கும் வட்டி ஓடியது.

கூட்டுறவு இயக்கம் இதற்காகவே பிறந்தது என்பதைத் தாங்கள் அறியாததல்ல. வட்டிக்காரர்களிடம் சிக்கிய குடியானவர்களுக்கு வழி தேடித்தான் சென்னை மாகாண அரசு பிரெடெரிக் நிக்கல்சனை ஐரோப்பாவின் கடன் சங்கங்களை ஆராயப் பணித்தது. 1895-லும் 1897-லும் வெளியான அவருடைய அறிக்கையைத் தொடர்ந்தே 1904-ஆம் ஆண்டுக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது.

எனவே, நகையும் ஜாமீனும் இல்லாதவருக்கும், பழைய கடனை அடைப்பதற்கென்றே ஒரு சிறு கடனைத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் வழங்க வேண்டுகிறேன். பொறுப்புக்கு அவருடைய குழு நிற்கட்டும். பணம் கடனாளியின் கைக்குப் போகாமல், சங்கச் செயலாளர் முன்னிலையில் கடன் கொடுத்தவருக்கே சேர வேண்டும். அப்போதே புரோநோட்டும் கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையும் திரும்பி வரவேண்டும், ஏனெனில் அசலை அடைத்த பின்பும் அந்தக் காகிதத்தைக் காட்டி மிரட்டுவதை நாங்கள் பார்த்திருக்கிறோம். நுண்கடனை முன்கூட்டியே அடைப்பதற்கு அபராதம் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இல் விதித்திருப்பதால், அவற்றையும் இதே வழியில் மாற்றிக்கொள்ளலாம். கந்து வட்டிக்காரர் சங்கத்துக்கு வரமாட்டாரே என்று கேட்கலாம். கந்து வட்டியைத் தடைசெய்யும் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தும் அவர்மீது பலர் புகார் கொடுக்காததற்குக் காரணம், நாளை அவசரத்துக்கு மறுபடி அவரிடமே போக வேண்டியிருப்பதுதான். போக வேறிடம் இருந்தால் புகாரும் வரும்.

முதலில் வட்டத்துக்கு ஒரு சங்கத்திலாவது இதைத் தொடங்கிப் பாருங்கள். விண்ணப்பதாரரின் கடன்களையெல்லாம் ஒரே தாளில் எழுதும் வேலைக்குத் தனியாக ஆள் போட வேண்டியதில்லை. வாரம் ஒரு பிற்பகல் வந்து அதை எழுதித்தர எங்கள் குழுவில் மூவர் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு மகளிர் குழுவின் கணக்கு எழுதுபவள்