ஆந்தைக் கிழவியின் ஜாடிகள்

அன்புள்ள சாந்தி,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாயிற்று. பேத்தி லீவுக்கு வந்திருந்தாள், பேனாவைத் தொட விடவில்லை. உன் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது? எண்ணெய் தடவுவதை விட்டுவிடாதே.

அவளோடு உட்கார்ந்து ஒரு கார்ட்டூன் படம் பார்த்தேன். 'சாங் ஆஃப் தி சீ'. அயர்லாந்தில் கில்கென்னி என்ற ஊரில் இருக்கும் கார்ட்டூன் சலூன் என்ற படக் கம்பெனிக்காரர்கள் 2014-இல் எடுத்தது. இயக்கியவர் டாம் மூர். குழந்தைப் படம்தானே என்று வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே பார்க்க ஆரம்பித்தேன். பாதியில் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

அந்தப் பக்கத்துக் கடலோரங்களில் செல்கி என்று ஒரு கதை உண்டாம். கடலில் சீல் என்ற கடல்நாய், கரைக்கு வந்து தோலைக் கழற்றினால் பெண். டிங்கிள் கடற்கரையில் சீல்கள் அடித்துக் கொல்லப்பட்டுக் கிடந்ததைப் பார்த்த பிறகுதான் மூருக்கு இந்தப் படம் தோன்றியதாம். கதையை நம்பிய காலத்தில் யாரும் சீல்மேல் கை வைக்கமாட்டார்கள் என்று அங்கே சொன்னார்களாம்.

படத்தில் மாகா என்று ஓர் ஆந்தைக் கிழவி. அவள் மகன் மாக் லிர் பூத உருவம். துக்கத்தில் அவன் அழுத அழுகையே கடலாகிறது. பார்க்கப் பொறுக்காமல் அவன் உணர்ச்சிகளையெல்லாம் உருவிவிடுகிறாள். அழுகை நிற்கிறது, ஆனால் பிள்ளை கல்லாகிவிடுகிறான். பிறகு கண்டவர்கள் துக்கத்தையெல்லாம் ஜாடியில் அடைத்து மூடிவைப்பதே அவளுக்கு வேலை. கெட்டவள் இல்லை சாந்தி, தாய்! பேரப்பிள்ளைகளின் நன்மைக்கென்று அவர்களைக் கடலைவிட்டு டப்ளினுக்கு இழுத்துப்போகும் பாட்டிக்கும் இவளுக்கும் ஒரே முகம், ஒரே நடிகையின் குரல். செல்கியான மனைவியைக் கடலுக்கு இழந்து வாய் மூடிப்போன கலங்கரை விளக்கக் காவலருக்கும் கல்லான பூதத்துக்கும் அப்படியே. இதை யாரும் வாய்விட்டு விளக்குவதில்லை. "பாட்டி, ரெண்டு பேரும் ஒரே ஆளா?" என்று பேத்திதான் கேட்டாள். அதுவரை எனக்கு உறைக்கவில்லை.

மகளும் போய்விடுவாளோ என்ற பயத்தில் அந்தக் கலங்கரை விளக்க மனுஷர் அவளுடைய செல்கி அங்கியைப் பெட்டியில் பூட்டிக் கடலில் எறிந்துவிடுகிறார். அங்கி இல்லாமல் பிள்ளை நோயில் விழுகிறது. எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது. அம்மா போன பதினாறாம் நாள் அவள் தையல் மெஷினைச் சாக்கில் சுற்றிப் பரணில் ஏற்றினாரே, நீகூட ஒரு பக்கம் பிடித்தாயே. அதற்குப் பிறகு அவள் பேச்சையே எடுக்கவிடவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஆள் வைத்து அதை இறக்கினேன். பெல்ட் இற்றுப்போயிருந்தது. டிராயரில் உன் பச்சைப் பாவாடைத் துணியில் ஒரு துண்டு கிடக்கிறது. அடுத்த முறை வரும்போது காட்டுகிறேன்.

அன்புடன்,
மங்கை