பணக்கார ஆட்டமா, மீனா?

அன்புள்ள மீனா,

கவினை லாக்ரோஸில் சேர்க்கலாமா என்று கேட்டாய். நான் வாய் திறப்பதற்குள், "அது பணக்காரப் பள்ளிப் பையன்கள் ஆடுவதுதானேப்பா" என்று நீயே முடித்தும் விட்டாய். பாஸ்டனில் அப்படித் தோன்றினால் ஆச்சரியமில்லை. வலை கட்டிய குச்சியால் பந்தைப் பிடித்தெறிந்து கோல் போடும் ஆட்டம் என்பதால் குச்சி, ஹெல்மெட், கையுறை என்று செலவும் இழுக்கும். ஆனால் நீ நியூயார்க் மாநிலத்துச் சிராக்யூஸில் வளர்ந்தவள். நம் ஊர்ப் பல்கலைக்கழக ஆண்கள் அணியில் யார் யார் ஆடியிருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு அப்புறம் முடிவு செய்.

அணியை 1916இல் தொடங்கியவர் லாரி காக்ஸ் என்ற பேராசிரியர். ஆட்டம் அதற்குப் பல நூற்றாண்டு மூத்தது. பல்கலைக்கழகம் நிற்பதே அமெரிக்கப் பூர்வகுடிகளான ஒனொண்டாகா மக்களின் பூர்வீக நிலத்தில்தான். படைத்தவனை மகிழ்விக்க ஆடுவது என்பார்கள் அவர்கள். நோயாளி குணமாக வேண்டியும் ஆடுவார்கள். ஹிக்கரி மரத்தைப் பிளந்து, ஆவியில் வளைத்து, மாதக்கணக்கில் உலரவிட்டுக் குச்சி செய்வார்கள். ஆண்களின் அந்த மரக்குச்சியைப் பெண்கள் தொடக்கூடாது என்பது அவர்களின் பழைய வழக்கம். உனக்குக் கோபம் வரும், தெரியும்.

எனக்குச் சொல்லிச் சலிக்காதது 1957 அணி. பத்து ஆட்டம், பத்திலும் வெற்றி. கோலி ஓரன் லயன்ஸ், ஒனொண்டாகாக்காரர், பின்னாளில் ஐ.நா. சபை வரை போய்ப் பூர்வகுடிகளுக்காகப் பேசியவர். நடுக்களத்தில் ஜிம் பிரவுன். அமெரிக்கக் கால்பந்தின் மிகப் பெரிய வீரர்களில் ஒருவராகத்தான் உலகம் அவரை அறியும். லாக்ரோஸில் அவரைப் போல் யாரும் இல்லை என்று சொல்பவர்கள் இந்த ஊரில் நிறைய. ராணுவ அகாதெமியோடு ஆடிய கடைசி ஆட்டத்தன்று, அதே நாளில் தடகளப் போட்டியிலும் இறங்கி ஜெயித்துவிட்டுக் குச்சியோடு வந்து நின்றார் அந்த மனுஷன்!

அந்த அணியில் இன்னொருவர் ராய் சிம்மன்ஸ் ஜூனியர், பயிற்சியாளரின் மகன். அப்பா 1931 முதல் 1970 வரை, மகன் 1971 முதல் 1998 வரை என்று ஒரே குடும்பமே அணியை நடத்தியது. மகன் சிற்பக் கலைஞர். பையன்களை அச்சில் வார்க்காமல் அவரவர் போக்கில் ஆடவிட்டார் என்பார்கள். 1983 இறுதிப் போட்டியில் ஜான்ஸ் ஹாப்கின்ஸிடம் 5–12 என்று பின்தங்கியிருந்து, 17–16 என்று ஜெயித்து முதல் தேசியப் பட்டத்தை வாங்கியது அவருடைய அணிதான்.

அப்புறம் கனடாவின் விக்டோரியாவிலிருந்து கேரி, பால் கெய்ட் என்று இரட்டையர்கள் வந்தார்கள். நாலு சுவருக்குள் ஆடும் பாக்ஸ் லாக்ரோஸில் வளர்ந்த கைகள். 1988 அரையிறுதியில், நம் பல்கலைக்கழகத்தின் கூரை போட்ட மைதானமான டோமிலேயே, கேரி கோலுக்குப் பின்னாலிருந்து தாவி, மேல்கம்பத்துக்கு மேலாகப் பந்தை உள்ளே திணித்தார். ஒரு தடவையல்ல, இரண்டு தடவை. கோலிக்கு என்ன நடந்தது என்றே புரிந்திருக்காது. 1990இல் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் வாங்கிய பட்டம் பிற்பாடு பறிக்கப்பட்டது: பயிற்சியாளரின் மனைவி ஒரு வீரரின் கார் கடனுக்குச் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருந்தாராம். மாணவ வீரருக்கு அப்படி உதவக்கூடாது என்பது விதி. விதி விதிதான், சரி. களத்தில் போட்ட கோல்களுக்கும் அந்தக் கையெழுத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

கேரி போட்ட 22ஆம் எண் சட்டை பிறகு பவல் சகோதரர்களிடம் போனது. கேசி, ரயன், மைக் மூவரும் வடக்கே கார்த்தேஜ் என்ற சின்ன ஊர்க்காரர்கள். போட்ட கோலும் பிறர் கோலுக்குச் செய்த உதவியும் சேர்த்து அண்ணன்மார் இருவரும் ஆளுக்கு 287 புள்ளிகள். தம்பி 307 எடுத்து இருவரையும் தாண்டினார். 2009 இறுதிப் போட்டியில் கார்னெலை 4 விநாடி மிச்சமிருக்கையில் சமன்செய்தோம். கூடுதல் நேரத்தில் வென்ற கோலைப் போட்டவர் கோடி ஜேமிசன், கனடாவில் உள்ள சிக்ஸ் நேஷன்ஸ் என்ற பூர்வகுடிப் பகுதியிலிருந்து வந்த மொஹாக் இன இளைஞர்.

இதில் உன் பணக்காரப் பையனை எங்கே தேடுவது, சொல்!

கவினைச் சேர்த்துவிடு. முதலில் பழைய குச்சி ஒன்று வாங்கினால் போதும். ஹெல்மெட்டும் பற்காப்பும் மட்டும் புதிதாக இருக்கட்டும். ஏப்ரல் விடுமுறைக்கு வருகிற தேதியைச் சொல்லு. அந்த வாரம் டோமில் ஆட்டம் இருந்தால் நாலு டிக்கெட் எடுத்துவிடுகிறேன். அம்மாவும் வருகிறாளாம்.

அன்புடன்,
அப்பா